கண்டும் நம்பாத உள்ளம்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பங்களுக்கான கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"புத்தி பேதலித்தவன் பேச்சில் என்ன இருக்கிறது?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அந்தப் பேச்சுக்குச் செவிகொடுத்தால், நாம் ஒவ்வொருவரும் ஒன்றை எவ்வாறு நம்பத் தொடங்குகிறோம் என்பது விளங்கும். அதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

1923-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மனநல மருத்துவர் ஜோசப் கப்கிரா, இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து ஒரு பெண்மணியின் நிலையை எழுதி வெளியிட்டார். தம் குடும்பத்தாரை யாரோ அகற்றிவிட்டு, அதே சாயலுடைய வேற்றாட்களை வைத்திருப்பதாக அப்பெண்மணி உறுதியாக நம்பினார். இந்நோய் இன்றும் கப்கிராவின் பெயராலேயே வழங்குகிறது.

இதன் காரணம் என்ன? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் புகழ்பெற்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், இத்தகைய இளைஞர் ஒருவரை ஆராய்ந்து 1997-இல் எழுதினார். விபத்தில் தலையில் அடிபட்டவர் அவர். பெற்ற தாயை நேரில் கண்டால், அம்மாவைப் போன்ற வேறொருத்தி என்பார். அதே தாய் தொலைபேசியில் பேசினால், உடனே அம்மா என்று ஏற்றுக்கொள்வார்!

அன்புக்குரியவர் முகத்தைக் கண்டால் நம்மையறியாமலே உள்ளங்கையில் வியர்வை சற்றுக் கூடும். அதைக் கருவியால் அளக்கலாம். இவருக்கோ அது கூடவில்லை. மூளையில் முகத்தை அறியும் பகுதி நன்றாயிருந்தது. அங்கிருந்து பாசத்தை எழுப்பும் வழி அறுந்துபோயிற்று. குரலின் வழி கெடவில்லை. இதுவே டாக்டர் தந்த விளக்கம்.

முகம் அம்மாவின் முகம். நெஞ்சிலோ பாசம் எழவில்லை. இந்த முரண்பாட்டுக்கு மனம் ஒரு காரணம் தேடுகிறது. ஆக, உணர்வு முந்துகிறது. காரணம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவ்வுணர்வை இழந்த எல்லாருக்கும் இப்பிரமை வருவதில்லை. தோன்றிய காரணத்தைச் சோதித்துத் தள்ளும் திறனும் தளர்ந்தால்தான் அது வேரூன்றுகிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இப்போது வீட்டாரைப் பாருங்கள். நேற்றுவரை நன்றாயிருந்த மகன் திடீரெனத் தாயை ஒதுக்குகிறான். எல்லாருக்கும் பதற்றம். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னதும் அது மனத்தில் பதிகிறது. பிறகு பக்கத்து வீட்டாரோடு பகை! மகன் நடந்த பாதையில்தானே வீட்டாரும் நடக்கிறார்கள்? அவனால் நின்று சோதிக்க இயலவில்லை, நம்மால் இயலும்.

ஆகவே இத்தகையவரை ஏளனம் செய்யாதீர்கள், கட்டிவைக்காதீர்கள், வாதாடி வெல்லவும் முயலாதீர்கள். அவருடைய அச்சம் அவருக்கு மெய்யானது. பொறுமையோடு கேளுங்கள். மனநல மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. செபமாலை சொல்லுங்கள், மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். பிறர்மீது பழிசொல்லத் தோன்றும்போது, "இதை நான் எப்படி அறிந்தேன்?" என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.