அம்மாவோட ஆர்டர் நோட்டும் என்னோட ரெண்டு அரியரும்

இதை பஸ்லயோ ட்ரெயின்லயோ கேட்டுட்டு போறீங்களா? பையில முடிக்காத ரெகார்டு நோட்டு ஒண்ணு இருக்கா? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

நான் சென்னையில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். இன்னைக்கு நான் சொல்லப் போறது என்னோட மூணாவது செமஸ்டர் கதை. அஞ்சு தியரி, மூணு லேப். இதுக்கு நடுவுல டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஏற்பாடு பண்ற டீம்ல சேர்ந்தேன். ஜூனியர்ஸுக்கு கோடிங் சொல்லித் தரேன்னேன். யார் எது கேட்டாலும் "சரி, பண்ணிடலாம்"னு சொன்னேன்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் ரெகார்டுல எட்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி இருந்துச்சு. மறுநாள் காலையில கையெழுத்து வாங்கணும். அன்னைக்கே டிஸ்கிரீட் மேத்ஸ் இன்டர்னலும் இருக்கு. ஒரு எக்ஸ்பெரிமென்டுக்கு அரை மணி நேரம், மொத்தம் நாலு மணி நேரம், அப்புறம் மேத்ஸ் படிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். விடியக்காலை மூணரைக்கு நிமிர்ந்து பார்த்தா அஞ்சாவது எக்ஸ்பெரிமென்ட்லதான் இருக்கேன். மேத்ஸ் புக்கைத் திறக்கவே இல்ல.

அந்த செமஸ்டர் முழுக்க இதே மாதிரிதான் ஓடுச்சு. முடிவுல ரெண்டு அரியர். கேம்பஸுக்கு வர்ற நிறைய கம்பெனிகள் அரியர் பாக்கி இருந்தா டெஸ்ட் எழுதவே விடமாட்டாங்க. நான் வேலைக்குப் போவேன்னு நம்பித்தான் வீட்டுல எஜுகேஷன் லோன் வாங்கியிருந்தாங்க. ரிசல்ட் வந்து ஒன்பது நாள் வீட்டுல சொல்லவே இல்ல.

பத்தாவது நாள் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா தையல்காரங்க. வீட்டு முன் ரூம்லதான் மெஷின். அழுதுக்கிட்டே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "எவ்ளோ வேலை இருந்துச்சுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருந்தியாடி?"ன்னு கேட்டாங்க.

எழுதல. எல்லாம் தலைக்குள்ளயும் வாட்ஸ்அப் குரூப்லயும்தான் இருந்துச்சு.

அம்மா அவங்க ஆர்டர் நோட்டை எடுத்துக் காட்டினாங்க. சின்ன வயசுலேருந்து நான் பார்க்கிற நோட்டுதான், ஆனா ஒருநாளும் திறந்து படிச்சதில்ல. ஒவ்வொரு வரியிலயும் பேர், என்ன துணி, எப்போ கொடுக்கணும். அதுக்குப் பக்கத்துல இன்னொரு தேதி. "அவங்களுக்கு புதன்கிழமைன்னா எனக்கு திங்கட்கிழமை. நடுவுல கரன்ட் போகும், மெஷின் மக்கர் பண்ணும்."

லைனிங் வெச்ச பிளவுஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன். "ஹூக், கை தையல் எல்லாம் சேர்த்து ரெண்டேகால் மணி நேரம்." யோசிக்காம சொன்னாங்க. அது ஆசைப்பட்டு சொன்ன கணக்கு இல்ல, தைச்சுப் பார்த்த கணக்கு. அதனாலதான் தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடியே, "இனிமே எடுக்கலைங்க, பண்டிகை முடிஞ்சு தர்றேன்"னு அவங்களால சொல்ல முடியுது.

என் அரை மணி நேரக் கணக்குக்கு ஒரு பேர் இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல அதுக்கு 'பிளானிங் ஃபாலசி'ன்னு பேர் வெச்சாங்க. ஒரு வேலைக்கு ஆகிற நேரத்தை நாம பெரும்பாலும் குறைச்சுத்தான் கணிக்கிறோம், முன்னாடி லேட்டானது தெரிஞ்சிருந்தாலும்கூட. 1994-ல வந்த ஒரு ஆய்வுல, தீசிஸ் எழுதிட்டிருந்த 37 சைக்காலஜி மாணவர்கள்கிட்ட எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு பதில் வந்துச்சு. எல்லாமே சொதப்பினா எவ்வளவு ஆகும்னு கேட்டதுக்கு சுமார் 49 நாள். நிஜத்துல ஆனது 55 நாளுக்கும் மேல. சொன்ன நாளுக்குள்ள முடிச்சவங்க மூணுல ஒரு பங்குகூட இல்ல.

அப்புறம் நானும் ஒரு ஆர்டர் நோட்டு போட்டேன். நாப்பது ரூபாய் நோட்டுதான், ஆப் எதுவும் இல்ல. செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே இன்டர்னல், மாடல் லேப், அசைன்மென்ட்னு தெரிஞ்ச தேதி எல்லாத்தையும் எழுதிடுவேன். பக்கத்துலயே ரெண்டு நாள் முன்னாடி என்னோட தேதி. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்னு நினைச்சேன், நிஜமா எவ்வளவு ஆச்சு, இது ரெண்டும் வரும். மூணு வாரத்துல விஷயம் புரிஞ்சுது. ரெகார்டுல ஒரு எக்ஸ்பெரிமென்ட் எழுத எனக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆகுது. அப்போ எட்டு எக்ஸ்பெரிமென்ட்னா ஒன்பது மணி நேரத்துக்கு மேல. அது ஒரு ராத்திரியில முடியற வேலையே இல்ல. அன்னைக்கு நான் சோம்பேறியா இல்ல, கணக்குதான் தப்பு.

இன்னொண்ணும் அம்மாகிட்ட கத்துக்கிட்டேன். நீல நூல் கோர்த்தா நீல பிளவுஸ் எல்லாத்தையும் ஒண்ணா தைச்சிடுவாங்க, அப்போ அடிக்கடி நூல் மாத்த வேண்டாம். நானும் லேப் முடிஞ்ச அன்னைக்கே மூணு ரெகார்டையும் ஒரே உட்காரல்ல எழுதறேன்.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். நோட்டு போட்டா நாளுக்கு 25 மணி நேரம் கிடைச்சிடாது. பார்ட் டைம் வேலைக்குப் போறவங்க, வீட்டுல யாரையாவது பார்த்துக்கிறவங்க எழுதிப் பார்த்தா, இது எல்லாம் முடியாதுன்னுதான் தெரியும். ஆனா அது ஒரு வாரம் முன்னாடியே தெரியும். அப்போ மேம்கிட்ட போய் ரெண்டு நாள் டைம் கேட்கலாம். கெடு முடிஞ்ச பிறகு போய் நின்னா எதைக் கேட்கிறது? சிம்போசியத்துக்கு அடுத்த வருஷம் கூப்பிட்டப்போ நோட்டைத் திறந்து பார்த்துட்டு, "இந்த வருஷம் முடியாதுப்பா"ன்னேன். சொல்லும்போது வயித்தைக் கலக்குச்சு. யாரும் கோவிச்சுக்கல.

ஒரு அரியர் நாலாவது செமஸ்டர்ல கிளியர் ஆச்சு, டிஸ்கிரீட் மேத்ஸ் அஞ்சாவதுல. அதுக்கு இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்துச்சு.

நீங்க இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அடுத்து உட்காரப் போற வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. முடிச்சதும் நிஜ நேரத்தைப் பக்கத்துல எழுதுங்க. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.