விரல் அறிந்த விசைகள்

(ஜமாஅத் இளைஞர்களுக்கான கோடைக்காலக் கணினிப் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில், கடத்தூரில் ஆற்றிய உரை)

 

மதரஸாவில் ஓதிய நமக்கு வீடியோ தொகுப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் இத்தொழிலில் ஆசான் அல்லோம். காலத்தைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டவர்களுள் ஒருவர். நாம் இழந்ததை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இங்கு நிற்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்று, பள்ளியில் நடந்த நாற்பது நிமிடச் சொற்பொழிவு ஒன்றைப் பதிவு செய்தோம். இருமலையும் ஒலிபெருக்கியின் இரைச்சலையும் நீக்குவது மட்டுமே வேலை. ஒவ்வொரு வெட்டுக்கும் மவுஸை மேலே நகர்த்திக் கத்தியைத் தேர்ந்தெடுப்போம். கீழே வந்து வெட்டுவோம். மீண்டும் மேலே செல்வோம். இஷாவுக்குப் பின் அமர்ந்தால் நள்ளிரவாகிவிடும். இப்படி நான்கு இரவுகள் கழிந்தன. மணிக்கட்டு வலி கண்டதுதான் மிச்சம். இதைப் பார்த்த நம் மஹல்லா இளைஞர் ஒருவர், "ஹஜ்ரத், மவுஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்று சொல்லி, நம் வலக்கை விரல்களை விசைப்பலகையின் மீது எடுத்து வைத்தார்.

ஆள்காட்டி விரல் 'ஜே' மீது, நடுவிரல் 'கே' மீது, மோதிர விரல் 'எல்' மீது. 'ஜே' விசையில் சிறு மேடு ஒன்று இருப்பதைத் தடவிப் பாருங்கள். கண் பாராமலே விரல் தன் இடத்தைக் கண்டுகொள்வதற்காக அமைத்தது அது. 'எல்' அழுத்தினால் படம் முன்னே ஓடும். மீண்டும் அழுத்தினால் விரைவு கூடும். 'ஜே' பின்னே ஓட்டும். 'கே' நிறுத்தும். அவற்றுக்கு மேல் வரிசையில் இருக்கும் 'ஐ' தொடக்கத்தையும் 'ஓ' முடிவையும் குறிக்கும். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் ஆகிய மூன்றிலும் இந்த ஐந்து விசைகளும் இப்பணிகளையே செய்கின்றன. வெட்டும் விசைதான் வேறுபடும். பிரீமியரில் கன்ட்ரோலுடன் கே, ரிசால்வில் கன்ட்ரோலுடன் பி, கேடென்லைவில் ஷிப்டுடன் ஆர்.

இத்தொழிலின் பழைய நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் சென்னைத் திரைப்படக் கூடங்களில் பிலிம் சுருளைக் கையால் வெட்டி, நாடா ஒட்டி இணைத்தார்கள். 'வெட்டு', 'ஒட்டு' என்று இன்று நாம் சொல்வது அன்று உண்மையான வெட்டும் ஒட்டுமாக இருந்தது. ஆவிட் நிறுவனத்தின் கணினித் தொகுப்புக் கருவி 1989ஆம் ஆண்டு வந்தது. 1994இல் வெளியான 'மகாநதி' அதனைக் கையாண்ட முன்னோடிப் படங்களுள் ஒன்று. அன்று பெரிய கூடங்களுக்கே எட்டிய வசதி இன்று ஒரு மடிக்கணினியில் உங்கள் மடிமீது இருக்கிறது.

இதனால் என்ன இலாபம் என்று கேட்பீர்கள். ஒரு திருமண வீடியோவில் முந்நூறு வெட்டுகள் எனக் கொள்வோம். வெட்டுக்கு நான்கு நொடி மிச்சமானால் ஆயிரத்து இருநூறு நொடி. அதாவது இருபது நிமிடம். இது வெட்டுக்கு மட்டுமான கணக்கு. ஓட்டிப் பார்ப்பதிலும் நிறுத்துவதிலும் மிச்சமாவது வேறு. வேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இளைஞருக்கு நேரமே முதல். கூலியைக் கூட்டித் தரச் சொல்வது நம் கையில் இல்லை; நேரத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

எல்லா விசைகளையும் ஒரே நாளில் மனனம் செய்ய முயலாதீர்கள். முதல் வாரம் மேற்சொன்ன ஐந்து போதும். அடுத்த வாரம் வெட்டும் விசை. அதன்பின், பிரீமியர் வைத்திருப்போர் 'க்யூ', 'டபிள்யூ' விசைகளைப் பழகுங்கள். நிற்கும் இடத்திற்கு முன்னுள்ள துண்டையோ பின்னுள்ள துண்டையோ நீக்கி, இடைவெளியையும் அவையே மூடிவிடும். கன்ட்ரோலுடன் எஸ் சேமிக்கும்; மின்சாரம் போவதற்கு முன் அதை அழுத்தும் பழக்கம் விரலுக்கு வர வேண்டும். தமிழில் தலைப்புத் தட்டச்சு செய்தபின் ஆங்கில விசைக்குத் திரும்ப மறவாதீர்கள். இல்லையேல் குறுக்கு விசைகள் இயங்காமல் திகைக்க நேரிடும்.

இனி, சொல்லக் கூச்சமானாலும் சொல்ல வேண்டிய ஒன்று. விரல் பழகியபின் அடுத்த உரையை ஒரே இரவில் முடித்துவிட்டு மகிழ்ந்தோம். அதில் பெரியவர் ஒருவர், "கடன் வாங்குவதே கூடாது" என்று சொல்லி, இருமி, "என்று நான் சொல்லவில்லை, திருப்பித் தரும் எண்ணமின்றி வாங்குவதே குற்றம்" என்று முடித்திருந்தார். இருமலை நீக்கப் போன நாம், 'ஓ' விசையை இரண்டு நொடி பிந்தி அழுத்திவிட்டோம். "என்று நான் சொல்லவில்லை" என்பதும் சேர்ந்தே போயிற்று. மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஒருவர் அப்பெரியவரையே தொலைபேசியில் அழைத்து, "கடன் வாங்கித்தான் வந்தேன், நான் பாவியா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் மனம் நொந்தார். நாம் அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருந்ததால் அன்றிரவே திருத்தி அனுப்ப முடிந்தது.

மவுஸில் நான்கு இரவு உழைத்தபோது ஒவ்வொரு வெட்டையும் பத்து முறை கேட்டோம், பிழை நேரவில்லை. விரைவு வந்தபோது செவி சோம்பிவிட்டது. ஆதலால் இளவல்களே, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் 'ஜே' அழுத்திச் சற்றுப் பின்னே செல்லுங்கள். 'எல்'லை ஒரு முறை மட்டும் அழுத்தி இயல்பான வேகத்தில் கேளுங்கள். பொருள் மாறியிருந்தால் கன்ட்ரோலுடன் இசட் இருக்கிறது. அனுப்பிய பின் அந்த விசை உதவாது. வேலை முடிந்து ஒப்படைக்கும்வரை மூலப்பதிவை அழிக்காதீர்கள். பேசியவரின் சொல் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

விசைகளால் மிச்சமாகும் இருபது நிமிடத்தில் ஐந்தைக் கேட்பதற்குச் செலவிடுங்கள். மீதி உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் உரியது.