கண்ணாடிக்குள் ஒளிக்கு ஒளியே இடையூறு



இந்த உரை உங்களை வந்தடையும் அதே காற்றில் இன்னும் எத்தனையோ வானொலி நிலையங்களின் அலைகள் போகின்றன. ஒன்றை ஒன்று கடந்தாலும் எதுவும் கெடுவதில்லை. ஆனால் வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் புதைந்து கிடக்கும் ஃபைபர் கேபிளுக்குள் நிலைமை வேறு.

ஒளி ஓடும் உட்கருவின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான். ஒரு சேனலுக்கு அதில் செலுத்துவது ஒரு மில்லிவாட் அளவுதான். ஆனால் இடம் அவ்வளவு குறுகல் என்பதால், செறிவைக் கணக்கிட்டால் நம் ஊர் உச்சி வெயிலைப் போல் பன்னிரண்டாயிரம் மடங்கு வருகிறது. இப்படி எண்பது, தொண்ணூறு சேனல்கள் அலைநீளத்தால் மட்டும் வேறுபட்டு ஒரே இழையில் போகின்றன. மின்புலம் பட்டால் கண்ணாடியின் ஒளியியல் குணம் மாறும் என்று 1875-ல் ஜான் கெர் கண்டார். இங்கே ஒளியின் சொந்த மின்புலமே அந்த மாற்றத்தைச் செய்கிறது. பக்கத்து லாரியின் பாரத்தில் நம் வண்டிக்கடியில் தார் அமுங்குவதுபோல, ஒரு சேனல் இன்னொன்றின் பாதையையே மாற்றிவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூன்று அலைகள் கலந்து நான்காவது ஒன்றைப் பிறப்பிக்கும்; சில வேளை இரண்டே போதும். 8 சேனல்களில் இப்படி 224 கலப்புகள். 16 சேனல்களில் 1,920. சேனல்களைச் சம இடைவெளியில் அடுக்கியிருந்தால், பிறந்தவற்றில் பல நேரே மற்ற சேனல்கள் மேலேயே போய் விழும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த விளைவும் இதில் சேர்கிறது: நீண்ட அலைநீளச் சேனல், குறுகிய அலைநீளச் சேனலின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். அதே விளைவை வைத்தே ஒளிப்பெருக்கியும் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

100 கிலோமீட்டர் போனால் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கூடுதல் வலுவோடு அனுப்பலாமே என்று தோன்றும். வலுவை இரட்டிப்பாக்கினால் இடையூறு எட்டு மடங்காகும். குறைத்தாலோ வழியிலுள்ள ஒளிப்பெருக்கிகளின் இரைச்சல் விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் அளவு பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் கைத்திறன்.

இதில் நான் மிக உயர்வாக மதிக்கும் தீர்மானம் ஒன்று உண்டு. ஒளித் துடிப்புகள் வழியில் அகன்று பரவுவதை 1980-களில் பெரும் குறையாக நினைத்து, பரவலே இல்லாத இழையை உருவாக்கினார்கள். ஜப்பானில் அதை நிறையப் பதித்தார்கள். ஒரே சேனலுக்கு அது அருமை. பல சேனல்கள் வந்ததும் அலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் சேர்ந்தே நடந்து, கலப்பு பெருகியது. பெல் ஆய்வகத்தின் கிராப்லிவியும் டக்காச்சும் கொஞ்சம் பரவலை இழைக்குள் வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்தார்கள். அலைகள் விலகிப் போயின, இடையூறு தணிந்தது. பரவலை இன்று மறுமுனையில் உள்ள ஏற்பி கணக்கிட்டே நீக்கிவிடுவதால், பரவல் மிகுந்த பழைய சாதா இழையே நல்லது என்றாகிவிட்டது.

இடையூறையும் கணக்கிட்டே நீக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பக்கத்துச் சேனல்களின் தரவு பெரும்பாலும் நம் ஏற்பியின் கைக்கு வருவதில்லை. கணக்கிடும் சில்லுக்கும் மின்சாரம் நிறைய வேண்டும். இழைகளைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் அடக்கமான வலுவில் அனுப்புவதே மேல். 2005-ல் சென்னையைத் தொட்ட சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிளில் இரண்டு இழை இணைகள்தாம். 2024 டிசம்பரில் சென்னைக் கரையேறிய சீ-மீ-வீ 6-ல் பத்து.

வண்டலூர், கேளம்பாக்கம் சாலைக் கல்லூரிகளில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் பாவனை செய்து பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். ஒரு சுருள் இழையும் இரண்டு லேசர்களும் ஒரு பெருக்கியும் கேட்டு வாங்குங்கள். வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நீங்கள் அனுப்பாத மூன்றாவது நிறம் நிறமாலையில் முளைப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.