பீலியைப் பேணுவார் யார்?

அக்கரப்பத்தனையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலே லயங்களையடுத்துப் பீலிக்கரை இருப்பதை அப்பகுதியினர் நன்கறிவர். மலையிடுக்கில் ஊறும் நீரைக் குழாயோ தகரப் பீலியோ ஏந்திக் கொடுக்க, குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் எல்லோரும் அங்கே கூடுவர். நீருக்கு விலையில்லை. ஆயினும் அது தானாக ஓடிக்கொண்டிருப்பதன்று. மழைக்காலத்தில் ஊற்றுக்கண்ணை மண் மூடும், சருகு அடைக்கும், குழாய் நழுவும். அவ்வேளையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலேறுபவர் ஒருவரோ இருவரோதாம். அந்த உழைப்புக்கு எவரும் பேர் போடுவதில்லை.

இக்காலத்து வர்த்தக உலகிலும் இத்தகைய பீலி ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பது அதன் பெயர். கணினிக்கு இடப்படும் கட்டளைகளை எழுதியவர் அவற்றை மறைத்து வைக்காமல், எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று உரிமை எழுதிக் கொடுத்துவிடுவதே அதன் இலக்கணம். லினக்ஸ் போன்ற பெருமுயற்சிகளில் பணிபுரிவோர் பலர் பெரிய கம்பனிகளிடம் சம்பளம் பெறுவோரே. ஆனால் அவற்றைச் சூழ்ந்து நிற்கும் எண்ணற்ற சிறு மென்பொருள்களோ, அலுவலகம் விட்டு வந்து இரவு விளக்கின் முன் அமர்ந்தவர்களின் கைவேலை.

அக்கரப்பத்தனைத் தேயிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, கூடிய மண்டபத்தில் குரல் கொடுத்தே விலை பேசப்பட்டது. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலே அது கணினித் திரைக்கு மாறிற்று. வங்கிக் கணக்கும் சம்பளப் பட்டியலும் ஏற்றுமதிப் பத்திரமும் அதற்கு முன்னரே கணினிக்குள் புகுந்துவிட்டன. இவ்வகை வர்த்தகச் சாதனம் எதன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தாலும், பெரும்பாலும் அங்கே கட்டற்ற மென்பொருள் கிடக்கக் காணலாம்.

அடித்தளம் ஒருமுறை விரிசல் கண்டபோதுதான் அதைக் காத்துக்கொண்டிருந்தவர் யார் என்று உலகம் திரும்பிப் பார்த்தது. இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் படியாதபடி பூட்டி அனுப்பும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் இருந்த பெரும்பிழை 2014 ஏப்ரல் 7ஆந் திகதி வெளியாயிற்று. பிழை சிக்கலானதன்று. தொலைவிலிருக்கும் கணினி ஒன்று, சிறு சொல்லொன்றை அனுப்பி, அதன் நீளம் இவ்வளவு என்று மிகைப்படுத்திக் கூறினால், இந்த மென்பொருள் அளந்து பாராமல் அவ்வளவு நீளத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஐந்து கிலோக் கொழுந்தைக் கொட்டிவிட்டு ஐம்பது என்று ஒருவர் சொல்ல, கணக்கப்பிள்ளை தராசைப் பாராமல் ஐம்பதென்றே எழுதிக் கொடுத்தாற்போன்றது அது. மிகுதியை நிரப்பச் சென்றவையோ பிறருடைய கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களுமாய் இருக்கக்கூடியவை. பூட்டிய இணையத்தளங்களில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு இந்நோய்க்கு ஆளாகியிருந்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் எவரும் அதைக் கவனிக்கவில்லை.

உலகத்தின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்தப் பூட்டைப் பேணுவதில் முழுநேரமும் ஈடுபட்டிருந்தவர் ஒருவரே. ஆண்டொன்றுக்கு நன்கொடையாக வந்து சேர்ந்த தொகை ஏறத்தாழ 2,000 டொலர். பெருங்கம்பனியொன்றின் விருந்துச் செலவுக்கும் அத்தொகை போதாது. செய்தி பரவிய சில வாரங்களுக்குள் கூகுள், மைக்ரோசொஃப்ட், ஐ.பி.எம்., அமேசன் முதலிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஓரிலட்சம் டொலர் வீதம் மூன்றாண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டு பொதுநிதி ஒன்று தொடங்கின. வெள்ளம் வந்தபின் கட்டப்பட்ட அணை அது, எனினும் கட்டப்பட்டது.

"இலவசமாய்க் கிடைப்பதற்கு ஏன் பணம் கொடுக்கவேண்டும்? கொடுத்தால் போட்டியாளனுக்கும் அல்லவா அது பயன்படும்?" என்பது வர்த்தகர் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்கு விடை காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. அக்கரப்பத்தனையிலிருந்து லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கினாற் போதும். அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு சட்டத்தினால் நிறுவப்பட்ட அந்நிலையம், ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது விதிக்கப்பட்ட தீர்வையைக் கொண்டு வளர்ந்தது. ஏலத்தில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்த கம்பனிகளின் தேயிலையே அந்தப் பொது அறிவுக்குப் பணம் கொடுத்தது. காரணம் எளிது. கொப்புளக் கருகல் நோய் 1946ஆம் ஆண்டு இலங்கைக்குள் வந்தபோது, அது இன்ன கம்பனியின் மலை என்று எல்லைக்கல்லைப் பார்த்து நுழையவில்லை. மென்பொருளின் பிழையும் அவ்வாறே; எல்லோருடைய மலையிலும் ஒரே இரவில் இறங்கும். அண்டை வீட்டானுக்கும் பயன்படுமே என்று மருந்தைத் தவிர்ப்பவன் தன் கொழுந்தையும் இழப்பான்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்வை சட்டத்தினால் வசூலிக்கப்பட்டது. மென்பொருளுக்கு அப்படிப்பட்ட சட்டமில்லை. மனமுவந்து தருவோரையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

மனமுவந்து தருவதன் வலிமையையும் வரம்பையும் இலங்கையே ஒருங்கு கண்டிருக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எவர், எங்கே என்ன தேவை என்று பதிவதற்குத் தகுந்த மென்பொருள் இல்லை. கொழும்பிலிருந்த கணினி வல்லுநர்கள் தாமாக முன்வந்து இரவு பகலாக உழைத்துச் 'சகன' என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். துயர் தணிப்பு என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். மென்பொருள் நிறுவனங்கள் சில தம் பணியாளர்களை அனுப்பின. லங்கா மென்பொருள் அமைப்பு முன்னின்றது. பின்னர் சுவீடன் நாட்டு உதவி நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு அது பிறநாடுகளுக்கும் ஏற்றவாறு திருத்தி எழுதப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது.

இத்தகைய பதிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மலையக மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தையில் மீரியபெத்தை லயங்களை மண் மூடியபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்ற தொகையே முதல் நாட்களிற் பலவாறாகச் சொல்லப்பட்டது. பெயர்ப்பட்டியல் அன்று தேவைப்பட்டது. ஆனால் பட்டியல் எழுதும் மென்பொருளைப் பேரிடர் நாளில் ஓடிவந்து ஆக்கும் தொண்டர், அடுத்த ஆண்டு தம் குடும்பத்தைப் பார்க்கப் போய்விடுவார்; அதுவே நியாயம். மழையில்லாத மாதங்களில் அதைத் துடைத்துவைக்க ஒருவருக்குச் சம்பளம் வேண்டும்.

சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று இந்தியாவில் உள்ளது. பெங்களூரைச் சேர்ந்த செரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனம், தன் தொழிலே கட்டற்ற மென்பொருளின்மீது எழுந்தது என்று வெளிப்படையாகக் கூறி, 2024 ஒக்டோபரிலே ஆண்டுக்குப் பத்திலட்சம் டொலர் கொண்ட நிதியொன்றை அறிவித்தது. ஒரு முயற்சிக்கு 10,000 முதல் ஓரிலட்சம் டொலர் வரை என்பது ஏற்பாடு.

அத்தகைய வளம் எல்லா நிறுவனங்களுக்கும் வாய்ப்பதன்று. அதனால் விலகி நிற்கவும் வேண்டியதில்லை. தம்மிடம் வேலைசெய்யும் நிரலாளர் ஒருவரை மாதத்தில் இரண்டு நாள், சம்பளத்தோடு, தாம் பயன்படுத்தும் மென்பொருளின் பிழைதிருத்தத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். மூன்று நான்கு நிறுவனங்கள் கூடி ஒருவருக்கு ஆண்டூதியம் ஏற்படுத்தலாம். ஆனால் பணம் கொடுத்தவர் துரையாகிவிடலாகாது. பீலிக்குக் குழாய் வாங்கிக் கொடுத்தவர் அதற்குப் பூட்டுப் போடத் தொடங்கினால், மண்வெட்டி எடுத்தவர் அன்றே அதைக் கீழே வைத்துவிடுவார்.

பல நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31ஆந் திகதி முடிவடைகிறது. மின்கட்டணம், விறகு, இயந்திரத் திருத்தம் என்று செலவுக் கணக்கில் எழுதும்போது, நன்கொடை என்ற தலைப்பிலன்றி, அந்தத் திருத்தச் செலவின் வரிசையிலேயே இதையும் எழுதிக்கொள்ளலாம். அதற்குமுன், தம் கணினிகளில் விலையில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவை எவையெவை என்று ஒரு பட்டியல் தரும்படி முதலாளி தம் கணினி அலுவலரைக் கேட்கட்டும். தொடக்கத்துக்கு அது போதும்; பிடிப்பதும் ஒரு நாள் வேலைதான்.