தாலந்து யார் கையில்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை நாம் அனைவரும் அறிந்ததே. தலைவர் தம் உடைமையைப் பணியாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு நெடும்பயணம் செல்கிறார். திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். பெருக்கியவர் பாராட்டுப் பெறுகிறார், புதைத்தவர் தள்ளப்படுகிறார். தனிமனிதரின் திறமையோடு சேர்த்தே இவ்வுவமையை நாம் வழக்கமாகச் சிந்திப்போம். இன்று இரண்டு நாடுகளின் வரலாற்றோடு சேர்த்துச் சிந்திப்போம்.

2010-ஆம் ஆண்டின் முதல் நாளில், ஏழை நாடுகளுக்கு உதவி வழங்கும் நாடுகளின் குழுவில் தென் கொரியா உறுப்பினராக அமர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கடன் சுமையிலிருந்து 1,230 கோடி டாலர் குறைக்கப்படும் என்று உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் அறிவித்தன. இரண்டுமே பல ஆண்டுகள் வெளிநாட்டு உதவி பெற்ற நாடுகள். ஒன்று கொடுக்கும் வரிசைக்கு வந்தது. மற்றது கடன் மன்னிப்புக்காகக் காத்து நின்றது. ஏன்?

"ஒருவர் உழைப்பாளி, மற்றவர் சோம்பேறி" என்று விடை சொல்வது எளிது. ஆனால் அது நீதியான விடை அன்று.

1953-இல் போர் ஓய்ந்தபோது கொரியா சாம்பல்மேடாய்க் கிடந்தது. இறக்குமதியில் பெரும்பகுதி அமெரிக்க உதவிப் பணத்தில் வந்தது. கத்தோலிக்கத் துயர்துடைப்பு அமைப்புகள் அனுப்பிய மாவும் பால்பொடியும் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தன. அந்த உதவியிலும் கொள்ளை நடந்தது. ஆட்சியாளருக்கு வேண்டிய முதலாளிகள் கொழுத்தார்கள். ஆனால் வேறு சிலவும் நடந்தன. 1950-இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தத்தால் குத்தகை விவசாயிகள் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். பள்ளிக்கூடங்கள் பெருகின. ஐக்கிய நாடுகள் அவையின் உதவியில் அச்சான பாடநூலைப் படித்த சிறுவன் ஒருவன், பின்னாளில் அதே அவையின் பொதுச்செயலர் பான் கீ மூன் ஆனார். 1960 ஏப்ரலில் மாணவர்கள் தெருவில் இறங்கி, ஊழல் ஆட்சியை வீழ்த்தினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் இராணுவ ஆட்சி வந்தது. தொழிலாளர் பட்ட பாடும் கொஞ்சமன்று. ஆயினும் கைக்கு வந்த தாலந்தில் ஒரு பங்காவது மக்களின் கையைச் சேர்ந்தது.

காங்கோவின் கதை வேறு. செம்பு, கோபால்ட், வைரம், பெரிய ஆறு எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பெல்ஜிய ஆட்சி 1960-இல் விடைபெற்றபோது, அத்தனை பெரிய நாட்டில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. 1965-இல் மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். பனிப்போர்க் காலத்தில் அவர் தங்கள் பக்கம் நின்றால் போதும் என்று மேலை நாடுகள் பணம் கொடுத்தன. அவர் தம் சொந்த ஊரில் அரண்மனை கட்டினார். கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுதளம் அமைத்தார். வெளிநாட்டுக் கடனில், இங்கா அணையிலிருந்து செம்புச் சுரங்கங்களுக்கு 1,700 கிலோமீட்டர் மின்பாதை போடப்பட்டது. அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த கிராமங்கள் இருளிலேயே இருந்தன.

கொடுத்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். பன்னாட்டு நிதியம் 1978-இல் எர்வின் புளூமன்தால் என்ற ஜெர்மானியரை அந்நாட்டின் மத்திய வங்கிக்கு அனுப்பியது. கொடுத்த பணம் திரும்பாது, ஊழல் ஆட்சியின் உச்சியிலேயே இருக்கிறது என்று 1982-இல் அவர் எழுதிக் கொடுத்தார். அதன்பிறகும் பணம் போய்க்கொண்டேதான் இருந்தது.

காங்கோ மக்கள் வாளாவிருக்கவில்லை. 1992 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. கின்ஷாசாவில் கிறிஸ்தவர்கள் மக்களாட்சி கேட்டு, செபித்துப் பாடியபடி ஊர்வலம் போனார்கள். படையினர் சுட்டதில் பலர் உயிர்நீத்தனர். கணக்குக் கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அன்பார்ந்தவர்களே, அங்கே தாலந்தைப் புதைத்தவர்கள் ஏழைகள் அல்லர். அது அவர்கள் கைக்கு வந்து சேரவே இல்லை. உவமையில் வரும் தலைவர் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை; திரும்பி வந்து கேட்டார். கேட்காமல் கொடுப்பவர் புதைக்கும் குழிக்கு மண்வெட்டி கொடுக்கிறார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதைத் தொட்டிருக்கிறார். உதவி எப்படிச் செலவாகிறது என்று கேட்கக் கொடுப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதைக் காரணமாக்கிப் பெறுபவரை ஆட்டிப்படைக்க உரிமை இல்லை என்பதே அவர் கருத்து.

கொரியாவில் இன்னொரு விதையும் விழுந்தது. போரில் கணவரை இழந்த பெண்களிடையே பணியாற்றிய மேரிநோல் சபை அருள்சகோதரி மேரி கேப்ரியேலா, 1960-இல் பூசானில் ஒரு கடன் சங்கம் தொடங்கினார். வெளியிலிருந்து வந்த தர்மப் பணத்தில் அன்று. உறுப்பினர்களே சேர்த்த சிறுதொகையில். யாருக்குக் கடன், எவ்வளவு என்று அவர்களே முடிவு செய்தார்கள். கையேந்தி நின்றவர்கள் கணக்கு எழுதும் மேசையில் அமர்ந்தார்கள்.

நம் பங்கிலும் தவக்கால உண்டியல் உண்டு; வின்சென்ட் தே பவுல் சபை உண்டு; அன்பியங்கள் உண்டு. நாம் போடும் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்கிறோமா? பங்கின் வரவுசெலவு வாசிக்கப்படும்போது செவிகொடுக்கிறோமா, எழுந்து வெளியே போகிறோமா? உதவி பெறும் குடும்பத்தில் ஒருவரையாவது முடிவெடுக்கும் கூட்டத்தில் அமர்த்தியிருக்கிறோமா? "எவ்வளவு கொடுத்தாலும் இவர்கள் தேறமாட்டார்கள்" என்ற சொல் நம் வாயிலிருந்து வரும் முன், இந்தக் கேள்விகளுக்கு நாம் விடை சொல்வோம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது எதுவும் நம்முடையதன்று. ஏழையின் பங்கு ஏழையின் கையைச் சேரும்வரை நம் கடமை முடிவதில்லை. கொடுக்கும் மனத்தையும், கேட்கும் துணிவையும், பெறுபவரைச் சமமாய் நடத்தும் தாழ்ச்சியையும் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.