குறைத்த நாளின் செலவு யாருக்கு?

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மேடையில் ஏறும் பழைய மாணவி, மாமரத்தடியையும் மெய்வல்லுநர் போட்டியையும் நினைவூட்டிவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அந்த நினைவுகள் நம் எல்லோரிடமும் பத்திரமாக இருக்கின்றன. விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது வேறொன்று: சுகாதாரத் துறையில் வேலை செய்யும் பழைய மாணவிகளாகிய நீங்கள் இன்றைய பிள்ளைகளைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். கீரியிலும் மன்னார் நகரத்திலும் வெளியூர்களிலும் இருக்கும் வைத்தியர்கள், தாதியர், குடும்ப நல உத்தியோகத்தர் சிலர் கூடிப் பேசினோம். எல்லோர் வாயிலும் திரும்பத் திரும்ப வந்தது ஒரே விடயம்: காசில்லாத காலத்தில் பாடசாலை நாட்களைக் குறைப்பது. அதனால் யாருக்கு என்ன மிச்சம், யாருக்கு என்ன செலவு என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. ஜூனில் எரிபொருள் தீர்ந்தது. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தது. 20ஆம் திகதி முதல் கொழும்பிலும் பெரிய நகரங்களிலும் பாடசாலைகளை மூடினார்கள். பிறகு நாடு முழுவதும் மூடவேண்டி வந்தது. ஜூலை 25இல் திறந்தபோதும் வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற இரண்டு நாளும் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்றார்கள்.

அந்த முடிவுகளை எடுத்தவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. டீசல் இல்லாவிட்டால் பஸ் ஓடாது. வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் ஆசிரியை மன்னாருக்கு எப்படி வந்து சேர்வார்? ஆனால் நெருக்கடி முடிந்த பிறகும் அந்த யோசனை முடியவில்லை. நாட்டில் எப்போது பணம் தட்டுப்பட்டாலும், "பாடசாலையை மூன்று நாளாக்கினால் என்ன?" என்று யாராவது கேட்கிறார்கள். செலவில்லாத வழியென்று அது தோன்றுவதால்தான் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

ஐந்து நாளை மூன்றாக்கினால் பாடசாலை நேரத்தில் 40 வீதம் போய்விடுகிறது. செலவில் 40 வீதம் குறைகிறதா? இல்லை. கல்விச் செலவில் பெரும்பங்கு சம்பளம். பாடசாலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது கொடுபடத்தான் வேண்டும். மிஞ்சுவது கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் எரிபொருளும்தான்.

இதை மற்ற நாடுகளும் செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாரத்தில் நான்கு நாள் மட்டும் பாடசாலை நடத்தும் ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களின் கணக்குகளைப் பார்த்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐந்தில் ஒரு நாளை எடுத்தால் உச்ச அளவில் 5.4 வீதம்தான் மிச்சம் பிடிக்கலாம் என்றது. உண்மையில் கிடைத்ததோ 0.4 முதல் 2.5 வீதம் வரைதான். ஹவாய் மாநிலத்தில் 2009-2010 கல்வியாண்டில் ஆசிரியரின் சம்பளத்தையும் வெட்டி, 17 வெள்ளிக்கிழமைகளில் பாடசாலைகளை மூடினார்கள். 180 நாள் 163 ஆனது. பெற்றோர் ஆளுநரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து போராடிய பிறகு, அடுத்த ஆண்டுக்கு அந்த வெட்டு தொடரவில்லை. நம்மைவிடப் பல மடங்கு வசதியுள்ள இடத்திலேயே பெற்றோரால் ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தாங்க முடியவில்லை.

அரசுக்கு மிச்சமாகும் அந்தச் சிறு தொகை வீட்டில் செலவாக வந்து நிற்கிறது. கீரிக் கரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. சிறு படகுகள் பல கரையில் கிடந்தன. செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அந்த வீட்டில் தொலைபேசி ஒன்றிருந்தால் அது தகப்பனுடன் கடலுக்குப் போய்விடும். பிள்ளைக்கு இணையவழி வகுப்பு எங்கிருந்து நடக்கும்? வசதியுள்ள பிள்ளை ரியூசனுக்குப் போனது. மற்றப் பிள்ளைக்கு அந்த இரண்டு நாளும் வெறும் நாளாகவே போயின.

பெண்பிள்ளைக்கு அது வெறும் நாளாகவும் இருக்கவில்லை. தாய் கூலிக்கோ மீன் காயப்போடவோ போனால் தம்பி தங்கச்சியைப் பார்ப்பது அவள். தண்ணீர் எடுப்பது அவள். வரிசையில் போத்தலோடு நிற்பதும் அவள்தான். "இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே" என்ற ஒரு வார்த்தை போதும். ஐந்து நாளும் பள்ளிக்கூடம் உள்ள வீட்டில் அவளை மறிப்பதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் என்றால் காரணம் தேவையில்லை.

இனி எங்கள் தொழிலின் பக்கம் வருகிறோம். பாடசாலை நாளில் பிள்ளை பாடம் மட்டும் பெறுவதில்லை. 1, 4, 7, 10ஆம் தரங்களில் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. பார்வைக் குறை, இரத்தச்சோகை, இதய நோய் போன்றவை பல பிள்ளைகளிடம் முதலில் தெரியவருவது அங்கேதான். 2017 முதல் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. ஏழாம் தரத்தில் ஏற்புவலித் தடுப்பூசி. இரும்புச் சத்து மாத்திரையும் வகுப்பறையில்தான் கொடுபடுகிறது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாடும் உண்டு. வாசற்கதவைப் பூட்டும்போது இவையெல்லாம் உள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. வீடு தேடி இவற்றைக் கொண்டுபோவதற்கு எங்களிடம் ஆளும் இல்லை, வாகனமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பிள்ளை மெலிந்துபோவதையோ, பேச்சை நிறுத்திவிட்டதையோ, கையில் ஒரு தழும்பு இருப்பதையோ முதலில் காண்பவர் வகுப்பாசிரியை. எங்களிடம் கிளினிக்குக்குப் பதினாறு பதினேழு வயதில் வரும் கர்ப்பிணிப் பிள்ளைகளிடம் "எப்ப படிப்பை விட்டனீங்கள்?" என்று கேட்டால் திகதி சொல்ல அவர்களுக்குத் தெரியாது. முதலில் வெள்ளிக்கிழமைகளில் போகவில்லை, பிறகு கிழமைக்கு இரண்டு நாள், பிறகு பரீட்சைக்கு மட்டும் என்று அது மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பாடசாலையே விட்டுவிட்டு நடக்கும்போது, யார் இடைவிலகுகிறார் என்பது வரவு இடாப்பில் தெரியாமலே போய்விடுகிறது.

இழந்த நாட்களை மீட்பதும் இலேசில்லை. கொவிட் காலமும் எரிபொருள் காலமும் சேர்ந்து பரீட்சைகளைத் தள்ளியதால், 2022ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலும், சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாதத்திலும்தான் நடந்தன. அந்த உயர்தரப் பெறுபேறு வெளிவந்தது 2023 செப்டெம்பரில். 2023இன் கல்வியாண்டு மார்ச் கடைசியில் தொடங்கியது; அடுத்தது பெப்ரவரியில்; 2025இல்தான் மீண்டும் ஜனவரிக்கு வந்து சேர்ந்தோம். இடையில் காத்திருந்த மாதங்களில் ஆண்பிள்ளை கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போனான். பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு நாள் இழப்பது புதிதல்ல. எங்கள் வகுப்பு ஆரம்பப் பிரிவில் இருந்தபோதுதான் 1990ஆம் ஆண்டு வந்தது. தலைமன்னார் ரயில் நின்றது. அது திரும்பி வந்தது 2015இல். எங்களில் சிலர் மடுவில் இருந்தோம், சிலர் கடல் கடந்து மண்டபம் முகாமில் இருந்தோம். எருக்கலம்பிட்டி, தாராபுரம் தோழிகள் அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் படித்தார்கள். அவர்களில் சிலர் இன்று இங்கே வந்து முன்வரிசையில் இருப்பது எங்களுக்கு மிகப் பெரிய சந்தோசம்.

அந்தக் காலத்தில் நம் ஆசிரியைகள் எதைக் குறைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சீருடைச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். நாலு பேருக்கு ஒரு புத்தகம் என்றார்கள். இரண்டு வகுப்பை ஒரே அறையில் இருத்தினார்கள். இடம்பெயர்ந்த பிள்ளைகள் வந்தபோது காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் ஒரு பாடசாலை என்று நடத்தினார்கள். பரிசளிப்பு விழா இல்லை, சுற்றுலா இல்லை. ஆனால் வரமுடிந்த நாளெல்லாம் மணி அடித்தது, இடாப்பில் பெயர் கூப்பிட்டார்கள். மற்றதெல்லாம் போன பிறகு கடைசியாகவே நாளைக் குறைத்தார்கள். இன்று நாளைக் குறைப்பது முதல் யோசனையாக வருகிறது. அதுதான் எங்களுக்குக் கவலை.

டீசலே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 ஒக்டோபரில் கொவிட்டுக்குப் பிறகு திறந்தபோது, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளை முதலில் திறந்தார்கள். அதுதான் வழி. பிள்ளைகள் நடந்து வரும் ஊர்ப் பாடசாலைக்கும், முப்பது மைல் பஸ்ஸில் வரும் நகரப் பாடசாலைக்கும் ஒரே கட்டளை தேவையில்லை. கீரிப் பிள்ளை நடந்து வருகிறாள். ஆசிரியைக்கு ஊருக்குள் தங்க ஓர் அறை இருந்தால் அந்தப் பாடசாலை எரிபொருள் இல்லாமலும் நடக்கும்.

இப்போது நம் சங்கத்திடம் வருகிறோம். நூற்றாண்டு நிதிக்கு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சென்னை, கொழும்பு என்று எல்லா இடத்திலிருந்தும் பணம் வந்திருக்கிறது. நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டவேண்டும் என்ற யோசனை இருக்கிறது. அதை விரும்பும் அக்காமாரின் ஆசையை நாங்கள் மதிக்கிறோம். பெயர் பொறித்த கல்லைப் பார்க்கும்போது எங்களுக்கும் மனம் குளிரும். ஆனாலும் அந்த வளைவு ஓரிரு வருடம் பிந்தட்டும் என்று பணிவாகக் கேட்கிறோம். அதற்குமுன் மூன்று காரியங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குவோம்.

முதலாவது, போக்குவரத்து. குறைந்த கட்டணப் பருவச்சீட்டு இ.போ.ச. பஸ்ஸுக்குத்தான் செல்லும். அந்த பஸ் வராத நாளில் தனியார் பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காசைக் கொடுப்போம். தூரத்திலிருந்து வரும் ஆசிரியைகளுக்காகப் பாடசாலைக்கு அருகே இரண்டு அறைகளைத் திருத்திக் கொடுப்போம்.

இரண்டாவது, சாப்பாடு. அரசின் சத்துணவு பெரும்பாலும் ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடுகிறது. வளரும் வயது தொடங்குவதே அதற்குப் பிறகுதான். மேல்வகுப்புப் பிள்ளைகளில் தேவையானவர்களுக்குக் காலையில் கடலையோ கௌப்பியோ அவித்துக் கொடுப்போம். யாருக்குத் தேவை என்று எல்லோர் முன்னாலும் கேட்கக்கூடாது, வகுப்பாசிரியைக்குத் தெரியும்.

மூன்றாவதற்குக் காசு தேவையில்லை. ஒரு பெண்பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், அந்த ஊரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி அந்த வீட்டுக்குப் போய் வரட்டும். விசாரணைக்கு அல்ல, சும்மா ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்கு. தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் கீரியிலும் நம் ஆட்கள் இல்லாத தெரு எது?

இவற்றோடு நாம் வாய் திறந்து பேசவும் வேண்டும். இலங்கை கல்விக்குச் செலவிடுவது மொத்தத் தேசிய உற்பத்தியில் 2 வீதத்துக்கும் குறைவு. 4 முதல் 6 வீதம் வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வீதம் கேட்டு வீதியில் இறங்கியபோது நம்மில் சிலரும் அவர்களோடு நடந்தோம். சங்கம் தரும் கடலை அந்த இடைவெளியை நிரப்பாது. அதை அரசிடம்தான் கேட்கவேண்டும். அடுத்த தடவை நெருக்கடி வந்தால், குறைக்கவேண்டியவற்றின் பட்டியலில் பாடசாலை நாள் கடைசியில் இருக்கட்டும் என்று வலயக் கல்வி அலுவலகம் முதல் அமைச்சு வரை நம் சங்கத்தின் பெயரில் எழுதுவோம்.

இந்தப் பொதுக்கூட்டத்திலேயே இந்த மூன்று காரியங்களும் வாக்கெடுப்புக்கு வருகின்றன. வளைவா, நாட்களா என்று சண்டை பிடிக்காமல், எது முதலில் என்பதை மட்டும் தீர்மானித்துத் தாருங்கள். தீர்மானம் எதுவாயினும் மூன்றாவது காரியத்துக்கு நாங்கள் பெயர் கொடுத்துவிட்டோம். பதிவுக் கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. உங்கள் ஊரின் பெயருக்கு நேரே உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.