இரண்டு பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு வந்தோம்

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய பெற்றோர் கூட்டத்தில், ஒரு தாய் தன் கணவருக்கும் சேர்த்து ஆற்றிய உரை)



கூட்டத்தில் பேசிப் பழக்கம் எங்களுக்கு இல்லை. "நீங்கள் போய்ப் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள், அது போதும்" என்று தலைவர் சொன்னதால் வந்து நிற்கிறோம். பேசுவது ஒருவர்தான் என்றாலும் இது கணவன் மனைவி எங்கள் இரண்டு பேருடைய பேச்சு.

எங்கள் மூத்த மகளுக்கு வருகிற ஜனவரி 31க்கு முன்னால் ஐந்து வயது முடிகிறது. தரம் 1இல் சேர்க்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் எங்கள் லயத்திலிருந்து பத்து நிமிட நடை. டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வேன் காலையில் மேல் டிவிசன் சந்திக்கு வரும். டை கட்டிய நாலைந்து பிள்ளைகள் ஏறுவார்கள். மலைக்குப் போகும்போது நாங்கள் தினமும் அதைப் பார்க்கிறோம். உங்களில் பலரும் பார்க்கிறீர்கள்.

தனியார் பள்ளிக்கூடம்தான் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த துண்டை வாசிக்கத் தெரியாமல், மூன்று மணித்தியாலம் வேறு ஒரு வரிசையில் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து, "நம்ம பிள்ளை இப்படி நிற்கக்கூடாது" என்றார். அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வரும். அதனால், தனியாருக்கு அனுப்பும் பெற்றோரைக் குறை சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. பிள்ளையின் மேல் உள்ள ஆசையில்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள்.

போவதற்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டரிடம் போய்ச் சொன்னோம். "மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறவர்கள் என்ன கேட்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பழைய கலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஆறு கேள்வி எழுதிக் கொடுத்தார்.

ஒன்று: இந்தப் பள்ளிக்கூடம் எங்கே பதிவு செய்யப்பட்டது? இரண்டு: படிப்பிக்கும் ஆசிரியருக்கு என்ன பயிற்சி? மூன்று: எந்தப் பாடத்திட்டம், பிள்ளை எந்தப் பரீட்சை எழுதும்? நான்கு: எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு? ஐந்து: இடையில் நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது? ஆறு: தண்ணீர், மலசலகூடம் எப்படி, ஆசிரியர் தினமும் வகுப்பில் இருக்கிறாரா?

ஒரு புதன்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேர் விழவில்லை.

அங்கே நல்லது என்று பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். போனதும் "வாங்க, இருங்க" என்று நாற்காலி போட்டார்கள். ஆபீஸ் வாசற்படிக்குக் கீழே நின்று பேசிப் பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. வகுப்பில் 18 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் சின்ன நாற்காலி. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படம். மலசலகூடம் சுத்தம், குழாயைத் திறந்தால் தண்ணீர். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு டீச்சர் நின்றார். ஆறாவது கேள்விக்கு அந்த இடத்தில் முழுப் புள்ளி கொடுக்கலாம்.

மற்ற ஐந்து கேள்விக்கும் கிடைத்த பதிலைக் கேளுங்கள்.

கம்பனியாகப் பதிவு செய்திருக்கிறோம் என்றார்கள். இதன் அர்த்தத்தை மாஸ்டர் பிறகு விளக்கினார். 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க முடியாது என்று 1961இல் இந்த நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன்பிருந்தே அரசாங்க அங்கீகாரத்தோடு நடக்கும் தனியார் பாடசாலைகள் சில இருக்கின்றன. அவை வேறு வகை. இப்போது இன்டர்நேஷனல் என்று பலகை போட்டிருப்பவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை. அரசாங்கப் பாடசாலையைக் கல்வி அமைச்சு பார்ப்பதுபோல அவற்றைப் பார்ப்பதில்லை. எல்லாம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு குறை வந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் போய் முறையிட வழியில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் காலை வைக்க வேண்டும்.

தரம் 1 டீச்சர் நல்ல பிள்ளை, அன்பாகப் பேசினார். உயர்தரம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. பயிற்சி இன்னும் எடுக்கவில்லை. பாடத்திட்டம் லண்டன் பாடத்திட்டம். தமிழ் வாரத்துக்கு இரண்டு பாடம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை அங்கே படிக்கும் பிள்ளைகள் எழுதுவதில்லை என்றார்கள். பெரிய வகுப்புக்கு வந்ததும் எழுதும் லண்டன் பரீட்சையின் கட்டணம் பவுணில்தான். 2022இல் நம் ரூபா விழுந்தது ஞாபகம் இருக்கும். அப்படி விழும்போது அந்தக் கட்டணமும் நம் கையில் ஏறும்.

இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்தார்கள். சேர்க்கைப் பணம் திரும்பக் கிடைக்காது என்று மட்டும் தாளிலேயே அச்சடித்திருந்தது.

இனி காசு. சேர்க்கைக்கு 40,000 ரூபா. மாதம் 7,500. வேனுக்கு 6,000. புத்தகம், உடுப்பு, சப்பாத்து தனி. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவை வைத்துத்தான் அந்தக் கணக்கு. மாதக் கட்டணமும் வேனும் சேர்ந்து 13,500. சரியாகப் பத்துப் பேர். சேர்க்கைப் பணம் முப்பது பேருக்குக் கிட்ட. மாதம் 25 பேர் விழுந்தால் ஓர் ஆளுக்கு 33,750. அதில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் கழிய வேண்டும். மழை மாதத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர். பத்துப் பேர் ஒரு பிள்ளைக்கு என்றால் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் சின்னவனுக்கு எங்கே போவது? தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து முதல் வருடத்தைத் தாண்டலாம். இரண்டாம் வருடம்? நுண்கடன்காரர் வாசலுக்கு வந்த கதை நம் லயங்களில் யாருக்கும் புதிதில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. "அப்படியென்றால் என் பிள்ளைக்கு இதுதானா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. டவுன் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நாங்கள், பக்கத்தில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் வருடக்கணக்காகப் போகவே இல்லை. அதே கலண்டர் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை அங்கேயும் போனோம். அன்றைக்கும் பேர் போனது.

அதிபர் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். "பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் வந்து கேள்வி கேட்கிற பெற்றோரை நான் இங்கே வந்த நான்கு வருடத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

தரம் 1க்குப் படிப்பிக்கும் டீச்சர் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி முடித்தவர். வகுப்பில் 24 பிள்ளைகள். தாய்மொழியில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். ஆங்கிலம் தரம் 1, 2இல் பேச்சாகவும் விளையாட்டாகவும், தரம் 3இலிருந்து தனிப் பாடமாகவும் வருகிறது. பாடப்புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம். புலமைப்பரிசில் எழுதலாம். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற வேண்டுமானால் விடுகைப் பத்திரம் உண்டு. முதல் ஐந்து கேள்வியில் நம் பள்ளிக்கூடம் தலை குனியவில்லை.

ஆறாவது கேள்வியில்தான் குனிந்தது. மலசலகூடம் இரண்டு, இரண்டிலும் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் பீலியிலிருந்து வாளியில் சுமக்கிறார்கள். ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போய் எட்டு மாதம், அந்த இடம் காலி. தரம் 3க்கும் 4க்கும் நடுவில் சுவர் இல்லை. ஒரு வகுப்பின் சத்தம் மற்ற வகுப்பில் கேட்கிறது. அதிபர் தண்ணீருக்காக மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போன தவணை வந்த பெற்றோர் ஏழு பேர். அந்த ஏழு பேரில் நாங்களும் இல்லை. எங்கள் பிள்ளை இன்னும் சேரவில்லைதான். ஆனால் சேர்ந்திருந்தாலும் போயிருக்க மாட்டோம். அதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தோழர்களே, இந்தப் பள்ளிக்கூடம் நமக்குச் சும்மா வந்ததில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் தோட்டத்தின் கையில்தான் இருந்தது. ஒரே மாஸ்டர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு சரி. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது. கம்பனியின் கையில் இருந்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதை நம் அப்பா அம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்டு வாங்கிய ஒன்றை நாமே எட்டிப் பார்க்காமல் விட்டால் அது இப்படித்தான் கிடக்கும்.

டவுன் பள்ளிக்கூடத்தில் காசு கொடுக்கப் போகிறோம் என்பதால் தைரியமாகக் கேள்வி கேட்டோம். இங்கே இலவசம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். நம் உழைப்பிலிருந்தும், கடையில் நாம் வாங்கும் ஒவ்வொரு சாமானிலிருந்தும் அரசாங்கத்துக்குப் போகும் வரியில்தான் இந்தப் பள்ளிக்கூடமும் நடக்கிறது. இங்கேயும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தண்ணீர் விஷயத்தைத் தலைவரிடம் சொன்னோம். தோட்டத் தாங்கியிலிருந்துதான் குழாய் வர வேண்டும் என்பதால் அவர் துரையிடம் பேசினார். குழாய் தருவதாகத் தோட்டம் ஒத்துக்கொண்டது. கான் வெட்டும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாக நாம் செய்தோம். இங்கே இருக்கும் தம்பிமார் பலர் மண்வெட்டியோடு வந்தீர்கள். இன்றைக்கு ஒரு மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறது. மற்றதில் இன்னும் இல்லை. ஆங்கில ஆசிரியர் கேட்டு 43 பெற்றோர் கையெழுத்து வைத்த கடிதம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் இதுவரை வரவில்லை.

மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். டவுனுக்குப் போகவிருந்த பத்துப் பேரில் மாதம் ஒரு பேர் அவள் பெயரில் வங்கிப் புத்தகத்தில் விழும் என்று முடிவு செய்திருக்கிறோம். எடுத்த முடிவு சரியா என்று பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்த வேனைத் திரும்பிப் பார்க்கிறார். ஆங்கில ஆசிரியர் வராவிட்டால் அவர் மறுபடியும் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. ஆங்கில ஆசிரியர் விஷயமாகத் தலைவர்மார் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வலயக் கல்விப் பணிப்பாளரை நேரில் பார்க்க வேண்டும். இரண்டாவது மலசலகூடத்துக்கும் தண்ணீர் வரும்வரை கமிட்டிக் கூட்டத்தில் இதை விடக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை வேலை முடிந்த நேரத்தில், நான்கு மணிக்குப் பிறகு வைக்கும்படி அதிபரிடம் பேச வேண்டும். பேர் போகும் என்ற பயம் இல்லாவிட்டால் தாய்மார் வருவார்கள்.

அம்மாமாரே, அக்காமாரே, மாஸ்டர் எழுதித் தந்த ஆறு கேள்வியையும் போட்டோப் பிரதி எடுத்து அந்த மேசையில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். டவுனுக்குப் போகிறவர்கள் அங்கே கேளுங்கள். இங்கே சேர்க்கிறவர்கள் இங்கேயும் கேளுங்கள். இந்தத் தவணைக் கூட்டத்துக்கு ஏழு பேர் எழுபது பேராக வர வேண்டும். எங்கள் இரண்டு பேரை இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.